ஒரு மூடித் தண்ணீர்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முதல் பெட்டி தரையில் விழும். தொம். அடுப்படியில் இருப்பவளுக்கு அதுதான் கடிகாரம். அண்ணி வேலையைத் தொடங்கிவிட்டாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருப்பாள். மறுபடியும் தொம்.

மார்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டுவிடுவாள். தட்டையாக விழ ஒரு தடவை, மூலை படும்படி ஒரு தடவை. உள்ளே செடி இம்மி அசைந்தாலும் டேப்பைக் கிழித்து முதலிலிருந்து கட்டுவாள். அசையாவிட்டால் பெட்டியின் முதுகில் ஒரு தட்டு. "போயிட்டு வா."

அண்ணி அவள் கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடுப்பு மக்கர் பண்ணும்வரை பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்த்தவள். பெட்டியை ஏன் இப்படிப் போடுகிறீர்கள் என்று ஆரம்பத்தில் இவள் பதறிப்போய்க் கேட்டாள். அண்ணி சிரித்தாள்.

"எத்தனை வீட்டுச் சாமானை எறிஞ்ச கை தெரியுமா இது? நானாவது பாசமா போடறேன். அங்க இருக்கிறவங்களுக்கு உன் செடி யாரு, மாமனா மச்சானா?"

வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக்கு அடியில் கணவன் அடீனியம் வளர்த்தான். அடி குடம்போல் பருத்து, உச்சியில் பூக்கிற செடி. படம் போட்டு விற்பான். தூர ஊர்க்காரர்கள் வாங்குவார்கள். வளர்க்கத் தெரிந்தவனுக்கு அனுப்பத் தெரியவில்லை. தொட்டியோடும் மண்ணோடும் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் துணியை அடைத்து அனுப்புவான். திறப்பவர்களுக்கு மண்ணும் ஓடும் ஒடிந்த குச்சியும் கிடைக்கும். வசவுக் கடிதங்கள் வந்தன. தொழிலை ஏறக்கட்டிவிடலாம் என்று அவன் பேச ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் அக்கா ஒரு பையோடு வந்தாள், ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போவதாக. தம்பி பெட்டி கட்டுவதை அன்றைக்கே நின்று பார்த்தாள்.

"இதைத் தபாலுக்குக் கட்டறியா, சுடுகாட்டுக்குக் கட்டறியா?"

அந்த ரெண்டு வாரம் முடியவே இல்லை. நடு அறை அண்ணியின் அறையானது. ஒரு சுவரோரம் கட்டில், மற்ற மூன்று சுவரோரமும் மடித்த அட்டைப்பெட்டிகள். கம்பி வலை போட்ட ஒரு பலகை. தொட்டியிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, வேரைக் கத்தரித்த செடிகள் அந்த வலைமேல் ஒரு வாரம் காயும். நாளாக நாளாக அடிமரம் லேசாகச் சுருங்கி, கிழவன் முழங்கைபோல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொன்றையும் உலர்ந்த செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றி, பெட்டிக்குள் டேப் போட்டு ஒட்டி, மூடாமல் வைப்பாள். திங்கட்கிழமை கடைசியாக ஒரு பார்வை பார்த்து மூடுவாள். வேறு கிழமைகளில் அனுப்பமாட்டாள். வாரக் கடைசியில் மாட்டிக்கொண்ட பார்சல் கிடங்கில் எந்த மூலையில் எதற்கு அடியில் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அண்ணி கறார். "தண்ணியை வயித்துலயே கட்டிக்கிட்டுப் போற ஜாதி இது. வெளியில ஈரம் பட்டுச்சு, இருட்டுல வெந்து அழுகிடும். ஒரு சொட்டு காட்டக்கூடாது." இதைச் சொல்லும்போது இவளும் அங்கேதான் இருந்தாள். நன்றாகக் கேட்டது.

வசவு நின்றது. பூத்த செடியைப் படமெடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். தெருவில் அண்ணிக்கு பார்சல் அக்கா என்று பெயர் விழுந்தது. அண்ணிக்கு அதில் பெருமைதான், காட்டிக்கொள்ளமாட்டாள்.

நாத்தனாரும் நீயும் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி துருவித் துருவிக் கேட்பாள். சொல்ல இவளிடம் ஒன்றும் இருக்காது. அண்ணி அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்க்கமாட்டாள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒரே மாதிரி சாப்பிடுவாள். இவள் தலைவலி என்று படுத்தால் தைலத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள்.

அந்த வருடம் வெயில் மோசம். கொடியில் போட்ட துணி திரும்புவதற்குள் காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி கடைக்குப் போயிருந்தாள். இவள் நடு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். திறந்த பெட்டிகளுக்குள் காகிதத்தால் சுற்றிய செடிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு வாரமாக வாய் நனையாதவை. இனி ஐந்தாறு நாள் பூட்டிய வண்டியில், இருட்டில். வாசலில் வந்து நிற்கும் தபால்காரரைக்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைக்காமல் அனுப்பமாட்டாள் அவள். கிளம்புகிறவர்களைத் தாகத்தோடு அனுப்பினால் அவளுக்குச் சோறு இறங்காது. பிறவிக்குணம்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மூடியில் ஊற்றி, வேர்ப்பக்கம் காகிதச் சுருளுக்குள் சரித்தாள். செடிக்கு ஒரு மூடி. கொஞ்சம் பெரிய செடிக்கு இரண்டு. காகிதம் சத்தமில்லாமல் குடித்தது. காலையில் அண்ணி மூடும்போது வெளிச்சுற்று உலர்ந்தே இருந்தது.

அடுத்த ஞாயிறும் ஊற்றினாள். அதற்கடுத்த ஞாயிறும். அது அவளுக்கும் செடிகளுக்கும் இடையில் உள்ள விஷயம்.

படங்கள் வர ஆரம்பித்தன. அடி கருத்து, அழுத்தினால் விரல் உள்ளே போகிற செடிகள். கணவன் போனை அக்காவிடம் நீட்டினான். அவன் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் தணிந்த குரலில்தான் சொன்னான். அடிபட்ட இடம் கன்றிப்போய் அழுகுகிறது, இனிமேல் தூக்கிப் போடவேண்டாம் என்றான். இத்தனை நாள் அழுகாததா என்று அக்கா கேட்டாள். இத்தனை நாள் இந்த வெயில் இல்லையே என்றான் அவன். போட்டுப் பார்க்காமல் அனுப்பினால் எனக்குக் கை ஓடாதுடா என்றாள். கொஞ்ச நாளைக்கு அக்கா, எனக்காக, என்றான்.

அடுத்த திங்கட்கிழமை எட்டரை மணிக்குச் சத்தம் வரவில்லை. இவள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். அண்ணி ஒவ்வொரு பெட்டியாகக் கையில் எடுத்து, வைத்திருந்து, பூனைக்குட்டியை இறக்குவதுபோல் தரையில் இறக்கிக்கொண்டிருந்தாள். முதல்நாள் சாயங்காலம் அந்தப் பெட்டிகளுக்கும் இவள் தண்ணீர் காட்டியிருந்தாள். வழியெல்லாம் அடிபட்டு நொந்து போகின்றனவே என்று வழக்கத்தைவிடத் தாராளமாகவே.

அந்த வாரம், வாங்கியவர் ஒருவர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். பழைய பெட்டி, போட்டுப் பார்த்து அனுப்பியது. திறந்ததும் நாற்றம் அறையை அடைத்தது. கணவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அண்ணி தரையில் உட்கார்ந்து காகிதத்தை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். வெளிச்சுற்று மொரமொரவென்று வந்தது. உள்ளே போகப் போகத் தாள்கள் ஒட்டிக்கிடந்தன. செடியின் அழுகல் கருப்பாகக் கீழே கட்டியிருந்தது. அதற்கு எட்டாத உயரத்தில், வேர்ப்பக்கத்து விளிம்பில், வேறொரு கறை. தண்ணீர் இறங்கிக் காய்ந்தால் வரும் அந்த மஞ்சள் அலைக்கோடு. அண்ணி அதை விரலால் தடவினாள்.

"இதுக்கு யாராவது தண்ணி காட்டினீங்களா?"

"நீ போட்ட சட்டத்தை இந்த வீட்டுல யாரு மீறுவா?" என்று தம்பி சிரித்தான். அழுகின செடி நீர்விடத்தானே செய்யும் என்றான்.

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. "நீ?"

"இல்லையே அண்ணி."

சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால் ஆச்சு என்று வாயில் வருமே, அப்படி வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. யோசித்திருந்தால் ஒருவேளை சொல்லியிருக்கமாட்டாள். ஒரு மூடித் தண்ணீர் ஒரு மரத்தை அழுகவைத்துவிடுமா என்று அப்போதும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நடு அறைப் பக்கமே போகவில்லை. தண்ணீர் அன்றோடு நின்றது.

அங்கேதான் தபால் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நின்றுபோன தவறு வழியில் போய்க்கொண்டே இருந்தது. பூனைக்குட்டிபோல் இறக்கிய பெட்டிகள், தாராளமாகத் தண்ணீர் குடித்த பெட்டிகள், அப்போதுதான் போய்ச் சேர ஆரம்பித்தன. படங்கள் வந்தன. முன்னைவிட மோசம்.

கணவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடு அறை வாசலில் நின்றான். அண்ணி கட்டிலில் இருந்தாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் தோட்டத்துல இருந்தப்ப போட்டியா?"

"போடலைடா."

"கோவப்படாம சொல்லு. பழக்க தோஷத்துல போட்டிருந்தாலும் சரி."

"போடலைன்னு சொல்றேன்."

"அப்புறம் எப்படி?"

அண்ணி திரும்பி இவளைப் பார்த்தாள். முறைக்கவில்லை. வண்டி வருகிறதா என்று தெருவைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்குள் இருந்தது இவள் ஒருத்திதான். பெட்டி விழவில்லை என்று சொல்லத் தெரிந்தவளும் இவள் ஒருத்திதான். தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்கவேண்டாம். அண்ணி போடவில்லை, நான் எட்டிப்பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், அப்புறம் எப்படி என்ற கேள்வி அறைக்குள் தனியாக நிற்கும். அது யார் பக்கம் திரும்பும்? கத்தரியின் முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முனை பளபளத்தது. சாணை போதும், இருந்தும் தேய்த்தாள்.

"பொய் சொல்ற வயசாக்கா இது?" என்றான் கணவன். அப்போதும் தணிந்த குரல்தான். கத்தியிருந்தால் அண்ணி திருப்பிக் கத்தியிருப்பாள், சாயங்காலம் எல்லாம் சரியாகியிருக்கும்.

மறுநாள் அண்ணி தன் சாமான்களைக் கட்டினாள். பெட்டிக்கா பஞ்சம், ரெண்டே பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கிடங்கில் கூட வேலை பார்த்த தோழி வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். போய் இருந்து பார்க்கிறேன் என்றாள். போகிறவளைத் தம்பி தடுத்தான், ஒப்புக்கு. டேப்பை ஒட்டி முடித்தபின் அண்ணி முதல் பெட்டியை மார்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டாள். தொம். காதோரம் வைத்துக் குலுக்கினாள். இரண்டாவதும் தொம். யாரும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது இவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணி அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு போன செடிகள் ஒன்றுகூட அழுகவில்லை.

"பார்த்தியா?" என்றான் கணவன். சந்தோஷமாக இல்லை, நிம்மதியாகச் சொன்னான். இரவுச் சாப்பாட்டில் அதே பேச்சை எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னான். படம் வரும்போதெல்லாம், பார்த்தியா. ஒவ்வொரு தடவையும் இவள் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முதல்நாள் சொல்லியிருந்தால் அது தண்ணீர்தான். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் பொய். அண்ணி போனபிறகு சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டி கட்டுவது இவள் வேலையானது. பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்தது. ஆனால் கொஞ்ச நாளில், உச்சிக் கிளை முறிந்து போய்ச் சேர்ந்ததாக ஒருவர் எழுதினார். பிறகு இன்னொருவர். வண்டிக்காரர்களைக் கணவன் திட்டினான். இவளுக்குப் புரிந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை அவன் தோட்டத்துக்குள் போகும்வரை காத்திருந்தாள். தரையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டாள். பெட்டியை மார்பு உயரத்துக்குத் தூக்கினாள். பொத் என்று ஒரு சத்தம், வெளியே கேட்காது. காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே லேசாக ஆடியது. டேப்பைக் கிழித்தாள்.

அன்றிலிருந்து, அண்ணி செய்ததாகக் கணவன் நம்பியதை அவள் வாராவாரம் செய்தாள்.

வலைப்பலகைக்குக் கீழே ஒரு தொட்டி இருந்தது. அண்ணி வைத்த பெயர் குண்டன். விற்பனைக்குத் தேறாத செடி. பக்கவாட்டில் பிளந்து, அண்ணி சாம்பல் வைத்துக் கட்டிக் காப்பாற்றியது. ஒருபக்கம் தொந்தி தள்ளி நிற்கும். "என்னை மாதிரியே, இடுப்பு போனவன்" என்பாள் அண்ணி. போகும்போது எடுத்துக்கொண்டு போகவில்லை. இவள் அதைப் பிடுங்கினாள். மண்ணை உதறி, வேரைக் கத்தரித்து, வலைமேல் காயவைத்தாள். ஒரு வாரம் அதன் வயிறு சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நடமாடினாள். பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. தொடவில்லை. காகிதத்தைச் சுற்றி, பெட்டியை மூடி, போர்வை இல்லாமல் வெறும் தரையில் போட்டுப் பார்த்தாள். மேலே தோழி வீட்டு முகவரியை எழுதினாள். உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை. என்ன எழுதுவது?

வந்து சேர்ந்ததாகச் செய்தி வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்க அவளுக்கு முகமும் இல்லை.

மழை தொடங்கியபின் ஒருநாள் கணவன் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். நடு அறைக் கட்டிலைப் பார்த்தபடி, அக்காவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது என்றான். இந்த வயதில் அடுத்தவர் வீட்டு மாடியில் போய் இருக்கவேண்டுமா, போய்க் கூட்டிக்கொண்டு வா என்றான். நீங்களே போங்களேன் என்றாள். நான் போனால் பேச்சு வளரும், நீ போனால் வருவாள், உன்மேல் அவளுக்குப் பிரியம் என்றான்.

"ஒண்ணும் பெரிசா வேண்டாம். ஆமாடா, போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்னு சொல்லு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பிப் போய்ச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டை மறுபடி கழுவினாள். நாளைக்குப் போகிறேன் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

தோழி வீடு பேருந்து கடைசியாக நிற்கும் இடத்துக்கு அருகில். மாடிப்படி வெளிப்பக்கம். அண்ணி கதவைத் திறந்து, "வா" என்றாள். இளைத்திருந்தாள். ஒற்றை அறை, கட்டில், நாற்காலி, ஜன்னல். கட்டி வந்த பெட்டிகளில் ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் மேசையாக இருந்தது. அதன்மேல் ஒரு விரிப்பு, மூக்குக்கண்ணாடி.

ஜன்னலில் குண்டன் இருந்தான். புது மண், புது இலைகள், நுனியில் ஒரு மொட்டுக்கூட.

அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். தம்பிக்கு முட்டிவலி தேவலையா என்று கேட்டாள். தேவலை என்றாள் இவள். பக்கத்து வீட்டுக்காரி இப்போது யாரைத் துருவுகிறாள் என்று கேட்டாள். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"நல்லா கட்டியிருந்தே," என்றாள் அண்ணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "போட்டுப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை."

"அதான் ஆடலை."

கீழே ஒரு பேருந்து திரும்பி நின்றது. அதன் எஞ்சின் அணையும்வரை இவள் பொறுத்திருந்தாள். கணவன் சொல்லி அனுப்பியது நாக்கில் தயாராக இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"இதுக்குத் தண்ணி காட்டலை அண்ணி. மத்ததுக்கெல்லாம் காட்டினேன்."

அண்ணி எழுந்து ஜன்னலருகே போனாள். தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள். "அந்தக் காகிதத்தைப் பார்த்தப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"பாவமா இருந்துச்சு அண்ணி. காஞ்சு போய்க் கிடந்துச்சு."

"ம்."

அண்ணி தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள், தொந்தி தள்ளிய பக்கம் வெளிச்சத்துக்கு வரும்படி. பிறகு திரும்பி, அன்றைக்குக் கத்தரியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாளே, அதே பார்வை பார்த்தாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"